ஒன்பதாம் எண் பெட்டி

ஏறும்போது எட்டுக்கு அடுத்து ஒன்பது வந்தது. இறங்கும்போது எட்டுக்கு அடுத்து பத்து வந்தது.

மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அவர் கண் அவ்வளவு லேசில் ஏமாறாது. இது நிற்காத லிஃப்ட். கதவும் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு தடங்கள். ஒன்றில் ஆள் உயர மரப்பெட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டே இருக்கும், மற்றதில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடுகிற பெட்டியில் கால் வைத்து ஏறி, ஓடும்போதே இறங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே சங்கிலியில் கோத்த பெட்டிகள். மேலே போனது உச்சியில் பக்கவாட்டில் நகர்ந்து கீழே வந்துதான் தீர வேண்டும்.

ஒன்பது மட்டும் வரவில்லை. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இடைவெளிகூட இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அடித்தளத்து இருட்டிலிருந்து பித்தளை எண் மினுங்க அதே ஒன்பது மறுபடி ஏறி வந்தது.

"மத்தவங்க பெண்டாட்டியைக் கடல் பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்க," என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தபடி. "எனக்கு வாய்ச்சவர் வருஷா வருஷம் லிஃப்ட் காட்டுறார். நாலு மணி பஸ்ஸை விட்டா நாளைக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்."

ஐந்து மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் முன்னூறு பேர் வேலை பார்த்த அலுவலகம். இப்போது மேசையும் இல்லை, ஆளும் இல்லை. லிஃப்டைப் பார்க்க எப்போதாவது வருகிறவர்களுக்காக ஒரு காவலாளி மட்டும் இருந்தார். அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, லிஃப்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பதாம் நம்பர் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று மெக்கானிக் கேட்டார்.

காவலாளி திரும்பவில்லை. "அஞ்சாவது மாடியில இறங்கிடுங்க சார்."

"மேல போனா பெட்டி கவிழ்ந்துடும்னு பயமுறுத்துவாங்களே, அதுவா? கவிழாதுன்னு எனக்குத் தெரியும்."

"கவிழாது சார். இறங்கிடுங்க."

மெக்கானிக்கால் சும்மா இருக்க முடியவில்லை. கணக்கு ஒத்துவராத இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அவருக்கு ஒரு மாதம் தூக்கம் வராது. ஒன்பது வந்ததும் ஏறிவிட்டார். மனைவி கையசைத்தாள். முதலில் அவள் முகம் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு வெறும் கால்.

ஒவ்வொரு மாடியும் ஒரு சட்டம் போட்ட படம் மாதிரி வெயில் விழுந்த காலித் தரையைக் காட்டிவிட்டுக் கீழே போனது. பழைய கிரீஸ் வாடையும் ஈர மரத்தின் புளித்த வாடையும் கலந்து வந்தன. சங்கிலி வயதானவர் பல்லைக் கடிக்கிற மாதிரி நறநறவென்று அரைபட்டது. ஐந்தாவது மாடியும் வந்து, தாமதிக்காமல் இறங்கிப் போனது.

இருட்டு. தலைக்கு மேலே பெரிய சக்கரம் சுழலும் சத்தம். பெட்டி ஒருமுறை குலுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது. இந்த அகலத்துக்கு எட்டு வினாடி போதும் என்று மனதுக்குள் எண்ணினார். எட்டு ஆனது. பதினைந்து ஆனது. பெட்டி நகர்ந்துகொண்டே இருந்தது. சக்கரத்தின் சத்தம் மட்டும் எங்கோ பின்னால், வெகு தூரத்தில், சன்னமாகி அடங்கியது. நாற்பதாவது வினாடியில் கிரீஸ் வாடை போய், நெடுநேரம் பூட்டிய அறையில் பல பேர் தூங்கி எழுந்தது போன்ற வாடை வந்தது.

பிறகு பெட்டி இறங்கத் தொடங்கியது.

செங்கல் சுவர். ஐந்தாவது மாடி வரவேண்டிய இடத்திலும் செங்கல். நான்கு வரவில்லை. மூன்று வரவில்லை. போனின் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ஆள் உயரத்தில் சுவர் நெடுகச் செங்குத்தாகக் கோடுகள் இருந்தன. நந்நான்காக. நகத்தால் கீறியவை.

மனைவிக்கு போன் போட்டார். எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது? பக்கத்துல நின்னுகிட்டு எதுக்கு போன் பண்றீங்க?"

"நான் இன்னும் இறங்கலம்மா. பெட்டிக்குள்ளதான் இருக்கேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க," என்றாள். அவரிடம் கேட்கவில்லை. "உங்க குரல்லயே யாரோ பேசறாங்க."

போனுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசியது.

"வா. பஸ். போயிடும்."

இணைப்பு அறுந்தது.

காலடியில் வெளிச்சம் பிறந்தது. கீழ்த்தளம். மேலிருந்து முதலில் தலைகள் தெரிந்தன. மனைவியின் நரை கலந்த கொண்டை. அதற்குப் பக்கத்தில், உச்சியில் முடி கொட்டிய ஒரு தலை. தன் உச்சந்தலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"இங்க பாரு! இங்க!"

அவள் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். அவள் பார்வை அவரைத் துளைத்துக்கொண்டு பின்பலகையில் போய் முட்டியது. அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் தரை அவர் இடுப்புக்கு ஏறிவிட்டது. இடுப்புக்கு மேல் போனால் தாவக் கூடாது. எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்தது. உடம்பு இரண்டாகிவிடும். விளிம்பைப் பிடித்தார். விட்டார்.

தரை மார்புக்கு வந்தது.

கழுத்துக்கு.

இப்போது கால்கள் மட்டும் தெரிந்தன. மனைவியின் செருப்பு. அதன் பக்கத்தில் பழுப்பு ஷூ. அவருடையது. இடது வலதாக, வலது இடதாக மாட்டியிருந்தது.

செருப்பு வாசல் பக்கம் நடந்தது. ஷூ நடக்கவில்லை. திரும்பியது. முட்டி மடிந்தது. கை தரையில் ஊன்றியது.

கன்னம் ஓட்டுத் தரையில் படிந்தது.

அவருடைய முகம். ஒரு சாண் இடைவெளியில். மூச்சு படும் தூரத்தில். மூச்சு இல்லை. அதன் உதடுகள் மெல்ல, மெல்ல, அவர் கொஞ்ச நேரம் முன்பு போனில் சொன்ன ஒரு சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தன.

"இறங்கலம்மா... லம்மா... ம்மா..."

"கீழ என்னங்க பார்க்கறீங்க?" வாசலிலிருந்து அவள் குரல்.

"ஒண்ணுமில்லம்மா," என்றது அது. இந்த முறை பிசிறு இல்லை.

தரைக்கும் பெட்டியின் கூரைக்கும் நடுவே இடைவெளி விரற்கடை ஆனது. அந்த விரற்கடையில், இமைக்காமல், ஒரு கண்.