சுவரில் தடவிய சுண்ணாம்பு

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அவள் தடவி வைத்திருந்த சுண்ணாம்புக் கோடுகளைக் காணோம்.

வெற்றிலை மடித்தால் விரலில் ஒட்டிய சுண்ணாம்பில் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மீதியைச் சுவரில் இழுத்துவிடுவது அஃப்சருன்னிசாவின் பழக்கம். புருஷன் உயிரோடிருந்த காலத்தில் அதற்காகத் திட்டாத நாளில்லை; அவளும் விட்டபாடில்லை. அடையாற்றில் டாக்டரின் இந்தத் தோட்ட வீட்டுக்கு வந்த பிறகும், அண்ணன் இனாயத்தைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்கு வெளியே, மஞ்சள் சுவரில் அவள் தோள் உயரத்துக்கு வெள்ளைக் கோடுகள் சேர்ந்துகொண்டே போயின. நேற்றுவரை இருந்தன. இன்று அந்த இடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

யார் சுரண்டியிருப்பார்கள்? அண்ணன் உள்ளே. சாவி இவள் இடுப்பில். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதில், அக்கம்பக்கத்துப் பங்களாக்களில் காக்கைக்குச் சோறு வைக்கக்கூட ஆளில்லை. பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பல்லி காரையைத் தின்னுமா என்று கேட்கத்தான் அங்கே யாருமில்லை!

மயிலாப்பூரில் தையல் கடை வைத்துப் பேரோடு வாழ்ந்த இனாயத்தைக் குடித்தது, வெற்றிலைக்குள் வைத்துத் தின்கிற கொக்கேன் பொடி. கடை போயிற்று, பெண்டாட்டி பிறந்த வீடு போனாள். சாந்தோம்காரர் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் அந்த வெறியைத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"வெறி பொடியில மட்டும் இல்லேம்மா," என்றார் அவளிடம். "வெத்தலை வாசனை, சுண்ணாம்புக் காரம், மடிச்சுக் குடுக்கிற கை, எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டிருக்கு. பொடி இல்லாத வெத்தலையா நீ குடுத்துக்கிட்டே இரு. ஏமாந்து ஏமாந்து வெறி தானா செத்துப்போகும்."

செத்துப்போன மாதிரிதான் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அவள் மடித்துக் கொடுக்கக் கொடுக்க, இனாயத் சாதுவாக உட்கார்ந்து மென்றான். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கும் அப்படியொரு உற்சாகம். பசியில்லை, தூக்கமில்லை, வீடு முழுவதையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாக்கு நுனி மரத்துக் கிடந்தது. சுண்ணாம்பு வேகவைத்துவிட்டது என்று விட்டுவிட்டாள். அண்ணன் பிழைத்துக்கொண்ட சந்தோஷம்தான் தனக்கு என்று நினைத்தாள், பாவி.

அந்தச் சுண்ணாம்பு தீர்ந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்தாள். பழைய டப்பியை இனாயத் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். அடுத்த நாளே கதவில் தலையை மோத ஆரம்பித்துவிட்டான்.

"ஒரே ஒரு வாட்டி, அஃப்சர்! வெளியே வுடு. ஒன் கால்ல வுழறேன்!"

"கடைசி ஆட்டம்மா இது," என்றார் டாக்டர். "உயிர் போற மாதிரி கத்துவான். தொறந்தியோ, அவனை மறந்துட வேண்டியதுதான்." சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் குடும்பத்தைத் திருச்சியில் விட்டுவரப் போனார். போனவர் திரும்பவில்லை.

இரண்டு காதிலும் துணியை அடைத்துக்கொண்டு அவள் சாவியைக் காத்தாள். குண்டுக்குப் பயந்து ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதம் பகலையே இருட்டாக்க, ஆற்று முகத்துவாரத்துச் சேற்று வாடையும் வாடிய வெற்றிலையின் நெடியும் வெளியேற வழியில்லாமல் கூடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. தோட்டத்துச் சவுக்கு மரங்கள் ஓயாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் தோலுக்கு அடியில் எறும்புகள் சாரி சாரியாய் ஊர்ந்தன, முழங்கையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து பல் ஈறுக்கு. அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது. எதற்கென்றே தெரியாத கோபம். கதவருகே பாயில் சுருண்டு படுத்தாள். எப்போது கண் அயர்ந்தாளோ!

கறக். கறக்.

சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. விழித்தபோது அவள் பாயில் இல்லை. காதில் அடைத்த துணி எங்கோ விழுந்திருக்க, சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அஃப்சர்." இனாயத்தின் குரல். இப்போது அதில் கத்தல் இல்லை. "யாரு அங்கே சுரண்டிக்கினு கீறது?"

"நீதான் சுரண்டறே, பாய்ஜான்."

"நான் கட்டில்ல குந்திக்கினு கீறேன். அல்லா மேல ஆணை. சத்தம் வெளியேர்ந்துதான் வருது."

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். அறையின் அந்தக் கோடியில், கட்டிலின்மேல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் காரை. ஒரு நகம் பாதிக்குமேல் இல்லை. வாய்க்குள் மணல் நறநறத்தது.

"மடிக்கும்போது," என்று இனாயத் மெதுவாகக் கேட்டான், "சுண்ணாம்பை நாக்குல வெச்சுக்குவியா நீ?"

"எப்பவும்தான். இன்னா இப்போ?"

அவன் அழுதுகொண்டே சொன்னான். "இங்கே வர்றதுக்கு முன்னாடியே, கையில இருந்த பொடியெல்லாம் அந்தப் பழைய சுண்ணாம்புலதான்டி கலந்து வெச்சிருந்தேன். நீ தின்னுவேன்னு எனக்குத் தெரியாதுடி."

ஆத்திரம் வந்திருக்க வேண்டும். டாக்டரின் பேச்சு பொய்யாய்ப் போனது, தான் அவனுக்குத் தன் கையாலேயே விஷம் ஊட்டியது, எல்லாம் நெஞ்சை அறுத்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. நாக்குதான் ஊறியது.

"அந்த டப்பி ஒன்கிட்டதானே கீது?"

"காலி. வழிச்சு நக்கிட்டேன்."

"பொய்."

சாவி பூட்டில் திரும்பியது. உள்ளே கட்டில் தரதரவென்று இழுபட்டது. கதவு கட்டைவிரல் அளவு திறந்து, கட்டிலில் முட்டி நின்றது. இடுக்கில் அண்ணனின் ஒரு கண். எந்தக் கதவைத் திறக்கச் சொல்லி இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டானோ, அதே கதவை இப்போது முழு உடம்பாலும் தாங்கிக்கொண்டிருந்தான்.

"வேணாம்டி. தொறக்காதே. ஒன் மூஞ்சியே வேற மாதிரி கீது."

"ஒரே ஒரு வாட்டி, பாய்ஜான்." அவன் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. அதே இழுப்பு. அதே கெஞ்சல். "ஒன் கால்ல வுழறேன்."

இடுக்கு வழியாக டப்பி உருண்டு வந்தது. எடுத்தாள். விரலை விட்டாள். துடைத்துப் பளபளவென்று இருந்தது.

டப்பியைப் போட்டாள். திரும்பினாள்.

கோடுகள் இருந்த இடம் செங்கல். பரவாயில்லை. எங்கெங்கே தடவினோம்? கதவு நிலையில். ஜன்னலோரம். அந்த மூலையில். எல்லா இடத்திலும்தான். சுவர் பெரிய சுவர்.

உள்ளே கட்டிலோடு கட்டிலாகச் சாய்ந்து அண்ணன் விம்மினான்.

கறக்.

நகம் போதவில்லை. அவள் சுவரில் பல்லை வைத்தாள்.