யானாவின் உயரம்

வெள்ளை பூசிய மறுநாள் காலையிலேயே கோடு மறுபடி தெரிந்தது.

பெயிண்டின் குறை என்றுதான் நெவேனா முதலில் நினைத்தாள். மகளின் அறைக் கதவு நிலையில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளே பென்சிலால் இழுத்த கோடுகள் இருந்தன. "குதிகால் ரெண்டும் சேரணும், எக்கக் கூடாது" என்று மிரட்டி, யானாவின் தலையில் கதைப்புத்தகத்தைப் படுக்க வைத்து இழுத்தவை. முடிந்ததும் யானா ஸ்டூலை இழுத்து வருவாள். "இப்ப நீ நில்லும்மா." ஸ்டூலில் ஏறியும் எட்டாது. "வளர்ந்ததும் உன்னை அளக்கிறேன், பாரு!" என்பாள். ஆறாவது கோடு நெவேனாவின் விலா உயரத்தில் நின்றுபோனது. ஏழாவதற்கு முன்பே காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது வீட்டைக் காலி செய்கிறாள். கொடுத்தபடியே திருப்பிக் கொடுத்தால்தான் வீட்டுக்காரர் கோஸ்தாதின் அட்வான்ஸைத் தருவார். அது வந்தால்தான் கல்லறைக்குக் கல். யானா போய் வருஷம் திரும்பப் போகிறது. நட்ட மரச்சிலுவை மழையில் ஊறிச் சாய்ந்து கிடக்கிறது. மண் உறைவதற்குள் கல்லை வைத்தாக வேண்டும்.

மறுபடி பூசினாள். பிளோவ்திவ் ஊர் முழுக்கக் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டு வைக்கும் நாட்கள் அவை. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் எழுந்த கருகிய இனிப்பு மணம் படிக்கட்டு வழியாக ஏறி, பெயிண்டின் காரநெடியோடு கலந்து, காலி அறைகளில் போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. ஆப்பிள் ஷாம்பூ. அந்தப் புட்டியை எப்போதோ எறிந்தாயிற்று. பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் எலி மரத்தைச் சுரண்டுவதுபோல் மெல்லிய சத்தம் ஒருமுறை கேட்டு நின்றது.

போய்ப் பார்த்தாள். பழைய கோடுகள் ஒன்றுகூட மேலே வரவில்லை. ஒரே ஒரு கோடு. ஆறாவது இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே.

துடைத்தாள். பூசினாள். அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் கோஸ்தாதின் வந்தார், விரல்களில் சுட்ட மிளகாய்த் தோலின் கரியோடு.

"அடேயப்பா, நான் குடுத்தப்பகூட வீடு இப்படி இல்லையேம்மா! என் பொண்டாட்டி பார்த்தா என்னைத் துரத்திட்டு உன்னை வெச்சுக்குவா."

"குழாயெல்லாம் பாத்துக்குங்கண்ணே."

"பாக்காம விடுவேனா? கஞ்சன்னு ஊரே சொல்லுது, பேரைக் காப்பாத்த வேணாமா?"

குழாயைத் திருகினார், ஜன்னலை இழுத்தார், சுவரைத் தட்டினார். அட்வான்ஸ் பணம் இருந்த உறையை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தவர், நின்றார்.

"இது என்ன?"

அவர் தோளுக்கு நேராகக் கோடு.

"உன் பொண்ணுக்கு எத்தனை வயசு இருந்துச்சு?"

"ஆறு."

அவர் விரலால் தொட்டார். காயாத வெள்ளையும் பென்சில் கருப்பும் விரலில் சேர்ந்து ஒட்டின. கோடு பெயிண்டுக்கு அடியில் இல்லை. மேலே இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கல்லறைக்குப் பூ கொண்டு போறியே. எத்தனை?"

"மூணு."

"மூணா? பைத்தியமா உனக்கு? செத்தவங்களுக்கு ரெட்டைப்படைதானே! ஒத்தப்படையா உயிரோட இருக்கறவங்களுக்குல்ல குடுப்பாங்க!"

தெரியும். பூக்கடைக்காரி யாருக்கு என்று கேட்டாள், என் பொண்ணுக்கு என்றாள் இவள், அவள் சிரித்துக்கொண்டே மூன்று கட்டிக் கொடுத்தாள். இன்னொன்று வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு பூவைச் சேர்த்தால் எல்லாம் உண்மையாகிவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றுதான். ஒரு வருஷமாக.

கோஸ்தாதின் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் கரி ஒட்டியது. "கல்லை வெச்சிரும்மா. ரெட்டையா பூ வை. விட்டுடு அவளை. சாவியக் கதவுலயே விட்டுட்டு இப்பவே கிளம்பு." கடைசி வார்த்தை படிக்கட்டிலிருந்து கேட்டது.

உறையைக் கோட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். வாசல்வரை வந்துவிட்டாள். கல் வைக்கலாம். நான்கு பூ வைக்கலாம். அதற்குப் பிறகு இந்த வாசனை எங்கும் இருக்காது.

உள்ளே, மரத்தில் பென்சில் உரசியது.

நெவேனா திரும்பி நடந்தாள். அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஆப்பிள் வாசனை. ஈரமண் வாசனை. செருப்பைக் கழற்றினாள். நிலையில் முதுகை ஒட்டினாள். குதிகால் இரண்டையும் சேர்த்தாள். கண்ணை மூடினாள்.

"அளந்துக்கோடி செல்லம்."

தலைமுடியை ஒரு கை அழுத்திப் படிய வைத்தது. குளிர்ந்த கை. தட்டையாக ஏதோ உச்சியில் அமர்ந்தது. பென்சில் நகர்ந்தது, காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, கவனமாக.

ஸ்டூல் இழுத்த சத்தம் கேட்கவே இல்லை.

நகர்ந்து, திரும்பிப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு ஒரு கோடு, ஈரம் காயாமல். அதற்கு மேலே, நிலையின் உச்சியை ஒட்டி, இன்னொன்று. அதற்கும் மேலே, கூரையடி இருட்டிலிருந்து, அவள் முகத்தில் மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருந்தது மூச்சு.