இறந்தவள் திறந்த மெயில்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. லிஃப்ட் வேலை செய்யாத அந்தப் பழைய கட்டடத்தில் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார் பர்சன்டேஜ். கேஸ் வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் திறந்தார்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தப் பட்டப்பெயர். மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவர் படிப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஓர் எச்சரிக்கை மெயில் போயிருந்தது. திறந்தவர்களின் பட்டியலில் முதல் பெயரை அவர் இரண்டு தடவை படித்தார்.

அந்தப் பெண் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

ஹீட்டரில் பழுது, உபயோகிக்காதீர்கள் என்று அப்போதும் இதேபோல் ஒரு மெயில் போனது. அவளுடையது உட்பட இருநூறு மெயில்கள் போய்ச் சேராமல் திரும்பி வந்தன. அவர்களை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கு அழகாகத் தெரியட்டும் என்று இருநூறு முகவரிகளையும் பர்சன்டேஜ் அழித்துவிட்டார். அந்த வாரமே குளியலறையில் நச்சுப்புகை சூழ்ந்து அவள் செத்துப்போனாள். அவளுடைய அண்ணன் ஆபீசுக்கு வந்து நியாயம் கேட்டபோது, போலி அறிக்கை ஒன்றை நீட்டி, "உங்க தங்கச்சி மெயிலைத் திறந்திருக்காங்க சார். படிச்சிட்டும் அலட்சியமா இருந்தா நாங்க என்ன பண்றது?" என்றார். அந்த மனிதர் தலைகுனிந்து படியிறங்கிப் போனார்.

"இந்த முகவரி லிஸ்ட்லயே இல்லையே சார்," பின்னால் நின்ற கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் கிசுகிசுத்தாள். "இதுக்கு நாம மெயிலே அனுப்பல."

திறந்த தடவைகள்: நான்கு.

ஏழு.

பதினொன்று.

ஈரத்துணியும் கரிப்புகையும் கலந்த வாடை ஒன்று மேஜையைச் சுற்றிக் கவிந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன.

திறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு தெருவின் பெயர் இருந்தது. அவர் வீட்டுத் தெரு. அதற்கு அடுத்த வரியில் அவர் மனைவியின் மெயில் முகவரி: திறக்கப்பட்டது.

முதல்முறையாக அந்த மெயிலைத் திறந்து படித்தார். பழுதான ஹீட்டர்களின் வரிசை எண்கள் இருந்தன. போன வருஷம் அவர் வீட்டில் மாட்டியதும் அதில் ஒன்று.

மனைவிக்கு ஃபோன் போட்டார். "கம்பெனி மெயிலைப் பாத்தியா?"

"எந்த மெயிலும் வரலையே. ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஹீட்டரை நிறுத்து! பாப்பா எங்க?"

"குளிக்கப் போயி ரொம்ப நேரமாச்சு. இருங்க..." கதவைத் தட்டும் சத்தம். பிறகு அலறல். "கதவு திறக்கலைங்க!"

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தலைதெறிக்க ஓடினார். அவர் போய்ச் சேரும்போது மனைவி சிலிண்டரை மூடியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கதவில் தோளால் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"தாழ்ப்பாள் பழுதாகி ஒரு வாரமாச்சு," மனைவி விசும்பினாள். "உள்ள பூட்டவே முடியாதுங்க."

அவர் கதவில் கை வைத்தார். மறுபக்கம் யாரோ முழு பலத்தோடு சாய்ந்து நிற்பது உள்ளங்கையில் தெரிந்தது.

எட்டு வயதுப் பிள்ளையின் பலம் அல்ல அது.

பர்சன்டேஜ் மண்டியிட்டார். "நீங்க திறக்கலம்மா! அந்த மெயில் உங்களுக்கு வரவே இல்ல! நான்தான் அழிச்சேன். உங்க அண்ணன்கிட்ட நான்தான் பொய் சொன்னேன்!"

கதவு தானாகத் திறந்தது.

மகள் ஈரத்தரையில் நினைவில்லாமல் கிடந்தாள். வேறு யாரும் இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரியில் குழந்தை கண் விழித்தது; பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பர்சன்டேஜ் வராந்தாவுக்கு வந்து, இறந்தவளின் அண்ணனைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். போலீசிலும் சொல்லிவிடுவதாக அழுதார்.



"தெரியும் சார்," என்றார் அண்ணன். "காலையிலயே தங்கச்சி ஃபோன் பண்ணிச் சொல்லிட்டா. உங்க வீட்லதான் இருக்காளாம். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் கிளம்ப மாட்டாளாம்."