ரேடியோ வாய் மூடிய மூன்று நாட்கள்

நான்காம் வகுப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் ஒருவர் காதில் விழுந்த சங்கதி மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டதா? நடுவில் நான் இருந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கேட்டதைக் கேட்டபடியே சொல்லவும் எனக்கு வராது. வாட்ச்மேன் நாயைப் பார்த்து ஒதுங்கினார் என்றால், மதில் ஏறிக் குதித்தார் என்பேன். அப்படிச் சொன்னால்தான் கேட்பவர்களுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் எங்களுக்கு ஒரு விசித்திரமான பாடம் இருந்தது. புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. கோபம் வந்தால் என்ன செய்வது, சண்டை போட்ட நண்பனோடு எப்படிச் சேர்வது என்றெல்லாம் பேசுவோம். அட்டவணையில் அதற்கு ஏதோ நீளமான பெயர் போட்டிருந்தார்கள். நாங்கள் 'மனசு வகுப்பு' என்போம். மதிப்பெண் போடாத பாடம் என்பதால் அதில் நான் மகா கெட்டிக்காரன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"கையைத் தாள்ல வச்சுச் சுத்தி வரைங்க. ஏதாவது கஷ்டம்னா யார்கிட்ட போய்ச் சொல்வீங்க? விரலுக்கு ஒருத்தரா எழுதுங்க."

அம்மா, அப்பா, அத்தை, டீச்சர் என்று எழுதினேன். சுண்டு விரலுக்கு ஆள் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு நாயை எழுதினேன். நான் பேசும்போது நடுவில் குறுக்கிடாத ஒரே ஜீவன் அதுதான்.

எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டினோம். உடனே முன் வரிசையில் ஒருவன் பூனையின் தாளைக் காட்டிச் சிரித்தான்.

பூனை என்பது எங்கள் வகுப்புப் பெண். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அவ்வளவு அமைதி. அவள் வரைந்த சுண்டு விரலில் 'ரேடியோ' என்று எழுதியிருந்தாள்.

"போயும் போயும் இவன்கிட்டயா? அதுக்கு மைக்கைப் பிடிச்சே சொல்லிடலாமே."

வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் காது சுட்டது. டீச்சர் சிரிக்கவில்லை.

"உன்னை நம்பி எழுதியிருக்கா. அந்த நம்பிக்கையைக் காப்பாத்து" என்றார்.

அதுவரை என்னை யாரும் எதற்கும் நம்பியதில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள் என்றுகூட வீட்டில் சொன்னதில்லை. பூனை எதைச் சொன்னாலும் அது என்னோடு போகட்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அஞ்சாம் வகுப்புல நெட்டை இருக்கான்ல? கை கழுவப் போனா குழாயடியில நிக்கிறான். ரெண்டு வாரமா தினமும் என் டப்பாவைப் பிடுங்கித் தின்னுட்டுத்தான் தர்றான்."

டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே முட்டை ஓடு கிடந்தது. முட்டையைத் தின்றுவிட்டு ஓட்டை மட்டும் ஒழுங்காகத் திருப்பி வைத்திருந்தான்.

என் நாக்கு நமநமவென்றது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கவலைப்படாத. தலையே போனாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பூனை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நன்றிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன்.

அன்று மாலை அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. பள்ளிக்கூடத்துலேருந்து வந்து ஒரு மணி நேரமாச்சு, ஒரு நியூஸும் வரலையே."

"விடுங்க அண்ணி, காதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமையும் டப்பா காலி. புதன்கிழமையும் காலி. மூன்று நாளும் என் ரொட்டியில் பாதி அவளுக்குப் போனது. ரகசியம் மட்டும் யாருக்கும் போகவில்லை. நெட்டை எதிரில் வந்தபோது எங்கே உளறிவிடுவேனோ என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பல்வலியா என்று அவனே விசாரித்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்பே பூனை என்னைத் தேடி வந்தாள்.

"நீ இன்னும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஒருத்தர்கிட்டகூட இல்ல" என்றேன் பெருமையாக.

"ஏன் சொல்லல?"

எனக்குப் புரியவில்லை.

"நெட்டை என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். டீச்சர்கிட்ட சொல்லக் கூடாது, வீட்ல சொல்லக் கூடாதுன்னு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லல. உன் காதுல போட்டா சாயங்காலத்துக்குள்ள டீச்சருக்குப் போயிடும்னுதானே சொன்னேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "எப்பவும் திறந்தே கிடக்கிற வாய். எனக்கு வேணுங்கறப்ப மூடிக்கிட்ட."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வீரம் என்று நினைத்து, மூன்று நாள் அவளை அரைப்பட்டினி போட உதவியிருக்கிறேன்.

உடனே ஒலிபரப்பத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், எல்லோருக்கும் தெரிந்தால் நாளைக்கு இவளுக்குக் 'காலி டப்பா' என்று பெயர் வைத்துவிடுவார்களே என்று தோன்றியது.

"ஊருக்கெல்லாம் வேணாம். டீச்சர்கிட்ட மட்டும் சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும். வாயே திறக்க வேணாம். உன் சத்தியமும் அப்படியே இருக்கும்."

ஆசிரியர் அறையில் டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வா ரேடியோ. இன்னைக்கு என்ன கதை, யானையா, சிங்கமா?"

நான் சொன்னேன். குழாயடி, நெட்டை, டப்பா, முட்டை ஓடு. அவனுக்கு மீசை இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை. மொத்தமே நான்கு வாக்கியம்தான்.

டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பூனையைப் பார்த்தார். பூனை தலையாட்டினாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு வாரமா, டீச்சர்" என்றேன் நான். " எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். நீங்கதான் நம்பிக்கையைக் காப்பாத்துன்னு சொன்னீங்க. காப்பாத்திட்டேன்."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பாதிப் பாடம்தான்டா நடத்தினேன். எந்த ரகசியத்தை வச்சுக்கணும், எதைச் சொல்லியே ஆகணும்ங்கறது நாளைக்குத்தான் வருது."

"ரெண்டையும் சேர்த்தே நடத்தியிருக்கலாம், டீச்சர்."

"ஆமா. என் தப்புதான்."

ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை நாலு பேரிடம் சொல்லாமல் வாயை அடக்கியதுதான் அந்த வாரத்திலேயே பெரிய கஷ்டம்.

அன்று மதியம் டீச்சர் குழாயடிக்குப் போனார். மாலையில் நெட்டையின் அம்மா பள்ளிக்கு வந்தார். மறுநாள் காலை நெட்டை பூனையின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டான். அவனுடைய குரல் அவளுடைய குரலைவிடச் சின்னதாக இருந்தது.

நான்காம் வகுப்புக் கணக்கெல்லாம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு நேரம் மறக்கவில்லை. பூனை டப்பாவைத் திறந்தாள். முட்டையை மேசையில் டக், டக்கென்று தட்டி, அவசரமே படாமல் உரித்தாள். பிறகு ரொட்டி. கடைசித் துணுக்குவரை சாப்பிட்டாள். மூன்று நாள் பங்கு கொடுத்தவனாயிற்றே என்று எனக்கு ஒரு வாய்கூட நீட்டவில்லை.

என் வயிறுதான் நிறைந்திருந்தது.