ஒன்பதாம் இலக்கத்தின் கறுப்பு மண்

கடிதத்தைப் பிரித்ததும் ரிப்காவின் மேசையில் கறுப்பாக ஏதோ கொட்டியது.

மழைக்காலம். காலை பத்து மணிக்கே வகுப்பு இருண்டு கிடந்தது. மின்சாரமும் இல்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. மழைக்கு ஒதுங்கிய மான் ஒன்று ஜன்னலுக்கு வெளியே நின்று, கண் இமைக்காமல் உள்ளே பார்த்தது. திருகோணமலைத் தெருவில் மான் திரிவது புதினமில்லை. ஆனாலும் இன்று அது பார்த்த பார்வை ரிப்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு ஆறுதல் கடிதம் எழுதுகிறது. பெயர் போடக்கூடாது, இலக்கம் மட்டும்தான். இது பிரசாந்தினி டீச்சரின் சட்டம். ரிப்காவுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இலக்கம். "சுகமாகிப் பள்ளிக்கூடம் போங்க" என்று முத்துமுத்தாக எழுதி, பூவும் வரைந்து அனுப்பியிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதில். எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து நடுங்கின.

"எனக்கு எழுதுற கை இல்ல. பள்ளிக்கூடம் போகமாட்டன். இனி எழுதாதீங்க."

பக்கத்துக் கதிரையில் இருந்த அஸ்ஹான் எட்டிப் பார்த்தான்.

"கையில்லாம எப்படி எழுதினது?"

"அதத்தான் நானும் யோசிக்கிறன்."

"இது ஜின்ட எழுத்து. கொட்டினது சாம்பல். கிழிச்சுப் போடு ரிப்கா."

"கண்ணுக்குத் தெரியாத ஜின்னுக்கு எதுக்குக் கிளினிக்?" என்று கேட்டாள் ரிப்கா. ஆனால் கொட்டியதைக் கடிதத்தோடு மடித்து, விரல் நுனியால்தான் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பைக்குள் யாரோ கிறுக்குவது போலவே இருந்தது. பயம்தான். ஆனாலும் "பள்ளிக்கூடம் போகமாட்டன்" என்ற வரி அவளை விடவில்லை. அவளும் கிழித்துப் போட்டால், அந்தப் பிள்ளைக்கு வேறு யார் எழுதுவார்கள்?

பின்னேரம் வாப்பா லொறியை நிறுத்திவிட்டு, வாசலில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றித் தட்டினார். கறுப்பு மண் கொட்டியது.

"வாப்பா, இது என்ன மண்?"

"புல்மோட்டைக் கடற்கரை மண் மகள். நான் ஏத்துறது இதைத்தானே. காந்தத்தக் கண்டா எழும்பி நிக்கும்."

ரிப்கா விஞ்ஞானப் பெட்டியிலிருந்த காந்தத்தை எடுத்தாள். கடிதத்தில் வந்த மண்ணுக்கு மேலே மெல்லப் பிடித்தாள். மண் அசைந்தது. ஒவ்வொரு மணியாக எழும்பி, மயிர் சிலிர்த்தாற்போல நின்றது. அவளுடைய கையிலும் மயிர் சிலிர்த்தது.

சாம்பல் இல்லை. அப்படியென்றால் எழுதியது புல்மோட்டைப் பிள்ளை. ஆனால் கையில்லாமல் எப்படி?

வலக்கையில் காந்தம் இருந்ததால் பென்சிலை இடக்கையால் எடுத்தாள். சும்மா தன் பெயரை எழுதிப் பார்த்தாள். எழுத்துகள் பின்பக்கம் சாய்ந்து நடுங்கின. கடிதத்தில் இருந்த அதே எழுத்து.

ரிப்கா இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுதுகிற வலக்கைதான் இல்லை, இடக்கை இருக்கிறது.

பிறகு நாக்கை வெளியே நீட்டியபடி, இடக்கையாலேயே ஒரு மணித்தியாலம் எழுதினாள்.

"எனக்கும் இடக்கையால இவ்வளவுதான் ஏலும். கடிதத்தோட மண் வந்தது, நீங்க மண்ணில எழுதிப் பழகுறீங்க எண்டு நினைக்கிறன். நானும் உங்களோட பழகுறன். எழுதாம இருக்க மாட்டன்."

"ஜின்னுக்கா பதில் போட்ட?" என்று மறுநாள் கேட்டான் அஸ்ஹான்.

"ஓம்."

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நாலாம் வாரம் தடித்த கடித உறை ஒன்று வந்தது. அஸ்ஹான் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டான். உள்ளே ஒரு பொட்டலம் கறுப்பு மண்ணும், சாய்ந்த எழுத்தில் ஒரு கடிதமும் இருந்தன. இந்தத் தடவை எழுத்துகள் நடுங்கவில்லை.

"நான் பஸ்மியா. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போனனான். உங்கட எழுத்து என்ட எழுத்த விட மோசம். மண் அனுப்பியிருக்கிறன், நல்லாப் பழகுங்க."