ஏழு வயதில் நின்ற வேர்

'வீல்!'

பல் ஆஸ்பத்திரியில் அலறல் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அலறியது நாற்காலியில் சாய்ந்திருந்த பதினொரு வயதுச் சிறுமி அல்ல... அவளைக் கூட்டி வந்த சித்தி!

பெண் போலீஸ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் அடிக்கலை மேடம்! சத்தியமா அடிக்கலை!"

'இது அடிபட்ட பல்' என்று டாக்டரம்மா சொன்ன மறு நிமிஷம் போலீசுக்குப் போன் போட்டது, கூட வந்திருந்த சிறுமியின் அப்பாதான்.

"போன வாரம் அடிச்சிருக்கா, இன்ஸ்பெக்டர்!" அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "முன்பல்லு கறுத்து, ஈறு வீங்கிப்போச்சு. தாயில்லாப் பிள்ளையாச்சேன்னுதானே இவளைக் கட்டிக்கிட்டேன்..."

இன்ஸ்பெக்டர் சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். மாற்றாந்தாய் என்றாலே ஊர் உலகம் பாதித் தீர்ப்பை எழுதிவிடுமே, பாவம்!

சிறுமி சித்தியின் இன்னொரு கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் சார்." டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். "பக்கத்துப் பல்லோட வேர் முழுசா வளர்ந்து, நுனி மூடியிருக்கு. அடிபட்ட பல்லைப் பாருங்க!"

"வேர் குட்டையா இருக்கே... நுனியும் திறந்திருக்கு?" இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"வேர் வளரும்போதே பல்லு உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. செத்த பல்லுக்கு வேர் வளராது. அதான் பயோசெராமிக் சிமெண்ட் வச்சு நுனியை அடைக்கணும்னு சொன்னேன்."

"அதுக்கும் கேஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இந்த வேர் ஏழு, எட்டு வயசுலயே நின்னுபோச்சு. இது போன வாரத்து அடியே இல்ல சார்!"

"சித்தி எப்போ வந்தாங்க?" இன்ஸ்பெக்டர் அப்பா பக்கம் திரும்பினார்.

"போன... போன வருஷம்..." அப்பாவுக்கு வியர்த்தது. சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, இப்பத்தான் ஞாபகம் வருது! நாலு வருஷம் முன்னாடி இவ அம்மா மாடிப்படியில விழுந்து செத்தாளே... அப்போ இவளையும் இழுத்துக்கிட்டு விழுந்தா. வாயெல்லாம் ஒரே ரத்தம்!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"அந்தக் கேஸையும் நான்தான் பார்த்தேன். நீங்க ஆபீஸ்ல, பொண்ணு ஸ்கூல்லன்னு சொன்னீங்களே! ஆபீஸ்ல இருந்துக்கிட்டே ரத்தத்தைப் பார்த்தீங்களா?"

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை வாசலைப் பார்த்தது!

"அம்மா விழலை..."

எல்லோரும் திரும்பினார்கள். சிறுமிதான்!

"அப்பா தள்ளினாரு. வேணாம்ப்பான்னு கையைப் பிடிச்சேன்... முழங்கையால வாயில இடிச்சாரு."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"முதல்ல பயம். அப்புறம்... சொன்னா சித்தியையும் தள்ளிடுவேன்னாரு."

பெண் போலீஸின் பிடி தானாகத் தளர்ந்தது. சித்தி சிறுமியைக் கட்டிக்கொண்டு 'ஓ'வென்று அழுதாள். பெறாத வயிறு பற்றி எரிந்தது.

"டாக்டர் ஆன்ட்டி... சிமெண்ட் வச்சா வேர் மறுபடி வளருமா?"

"வளராதுடா கண்ணு. ஆனா பல்லு உன்கூடவே இருக்கும்." டாக்டரம்மா அவள் தலையைத் தடவினார்.

வாசலுக்கு நழுவிய அப்பாவின் தோளில் இன்ஸ்பெக்டரின் கை விழுந்தது.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு சும்மா சொல்றாங்க சார்... எங்க ஜெயில்ல மூணு வேளையும் உண்டு, வாங்க!"