காப்பி ஆறுவதற்குள்

அறவாழியின் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுப் பூங்கோதை ஓய்வுக்கூட்டுக்குள் போனாள். ஒரு கையில் விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் டிபன் கேரியர். அரைத்த இட்லி மாவையும் இஸ்திரி போடவேண்டிய துணிகளையும் முன்பே உள்ளே வைத்திருந்தாள். கதவு மூடியதும் கூடு மெல்ல முனகியது.

காப்பி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். விடைத்தாள்கள் திருத்தியாகிவிட்டன. துணிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. டிபன் கேரியர் காலி.

"அட, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றான் அறவாழி.

"ஆமா, என்ன பெரிய வேலை?" என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தினமும் இதே கேள்வி, இதே பதில். திருச்சியில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. குளியலறை அளவே இருக்கும் அந்தக் கூட்டுக்குள் காலம் விரைந்து ஓடும். வெளியே ஒரு காப்பி குடிக்கும் நேரம், உள்ளே முழுதாக ஒரு நாள். ஓடி ஓடிக் களைத்தவர்கள் உள்ளே போய் ஆசைதீரத் தூங்கிவிட்டு வரலாம் என்றுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். கட்டில், மெத்தை எல்லாம் கூட்டோடு சேர்ந்தே வந்தன.

விற்க வந்தவர் எதையும் மறைக்கவில்லை. "உள்ள இருக்கிற நேரமும் வயசுல சேரும் சார். ஆனா நல்லாத் தூங்கி எழுந்திரிக்கிற உடம்புக்கு அது ஒரு விஷயமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "நீ ரெஸ்ட் எடுக்கணும்னுதான் கோதை வாங்குறேன்" என்று அறவாழி சொன்னான். சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

நம் ஜனங்களுக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியுமா? முதல் வாரமே பூங்கோதை, "இத மட்டும் முடிச்சுட்டுப் படுத்துக்கிறேன்" என்று ஒரு கட்டு விடைத்தாளை உள்ளே எடுத்துப் போனாள். அவள் வேலை பார்த்த பள்ளியும் லேசுப்பட்டதல்ல. மாலையில் கட்டைக் கொடுத்துக் காலையில் மதிப்பெண் கேட்டது. யாராவது முனகினால், "வீட்டுலதான் கூடு இருக்குல்ல டீச்சர்?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தது. காலையில் சமையல் வேலைக்கு ஒருமுறை, மாலையில் மற்றதற்கெல்லாம் ஒருமுறை என்று அவள் போய்வரத் தொடங்கினாள்.

அறவாழிக்கு இது தெரியாதா? தெரியும். காலி டிபன் கேரியரைப் பார்த்தாலே உள்ளே அவள் எத்தனை வேளை தனியாகச் சாப்பிட்டாள் என்று தெரிந்துவிடும். ஆனால் வெளியே வந்த மனைவி வேலை எதுவும் பாக்கியில்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினாள். அந்த மாலைகள் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தன. கேட்டால் அவை போய்விடும். அதனால் கேட்கவில்லை. அவள் காதோரம் நரைத்தது, பிறகு உச்சி நரைத்தது, பிறகு புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தான். பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்தான்.

போன ஞாயிறு அவனோடு வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டுக் கிரகப்பிரவேசம். சந்தனமும் குங்குமமும் நீட்டிய அந்த வீட்டுப் பெண் பூங்கோதையைப் பார்த்து, "எடுத்துக்குங்கம்மா" என்றாள். பிறகு அறவாழியைக் காட்டி, "பையன் கூடவே கூட்டிட்டு வந்திருக்காரே, உங்கள நல்லாப் பாத்துக்கிறாரா?" என்று கேட்டாள்.

பூங்கோதை குங்குமத்தை எடுத்து வகிட்டில் வைத்துக்கொண்டாள். "நல்லாத்தாம்மா பாத்துக்கிறார்" என்று சிரித்தாள்.

கல்யாணத்தின்போது அவனைவிட நான்கு வயது இளையவள் அவள். விருந்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"எனக்குத் தெரியும் கோதை. நீ உள்ள ஒரு நாள்கூடத் தூங்கலைன்னு எனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியுங்க" என்றாள் அவள். கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"இனிமே நீ உள்ள போகக்கூடாது. நான் போறேன். நான் உள்ள இருக்கிற வரைக்கும் நீ காலை நீட்டி நிம்மதியா உக்காரு."

அவள் மறுத்தாள். அவன் கேட்கவில்லை. தானே காப்பி போட்டான். சர்க்கரை கூடிப்போயிற்று. டம்ளரை அவள் கையில் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியைத் தட்டிவிட்டு, விடைத்தாள் கட்டையும் கேரியரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

மெத்தைமேல் சுற்றிய பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன்மேல் துணிமூட்டை இருந்தது. மேசையடி நாற்காலியின் கைப்பிடி மட்டும் தேய்ந்து நாரெல்லாம் வெளியே தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்து அங்கேயே அழுதான்.

பிறகு வேலையில் இறங்கினான். விடைக்குறிப்பைப் பார்த்துப் பார்த்துத் தாள்களைத் திருத்தினான். இஸ்திரி போட்டான். அவரைக்காய் ஆய்ந்தான், பூண்டு உரித்தான். பேச ஆளில்லை, சன்னல் இல்லை. ஆறிப்போன சோற்றைத் தின்றான். இடுப்பு விண்டுபோயிற்று. மெத்தையில் சற்று சாயலாம் என்று எழுந்தான். ஆனால் பக்கத்தில் மிச்ச வேலை அப்படியே குவிந்து கிடக்கும்போது பாலிதீனைப் பிரிக்க மனம் வரவில்லை. மேசைமேல் தலையை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தான், மறுபடியும் உட்கார்ந்தான்.

'போகட்டும், கோதை நல்லா ஓய்வெடுத்திருப்பா' என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்புதான் அவனைக் கடைசித் தாள்வரை இழுத்து வந்தது. எல்லாம் முடிந்ததும் வேலையையெல்லாம் கட்டிச் சுமந்து, தள்ளாடிக் கதவைத் திறந்தான்.

பூங்கோதை அதே நாற்காலியில் இருந்தாள். கையிலிருந்த டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பாதிகூடக் குடித்திருக்கவில்லை. ஒரு காலைத்தான் நீட்டியிருந்தாள், இன்னொன்றை நீட்ட நேரம் கிடைக்கவில்லை. அவனையும் அவன் சுமந்து வந்ததையும் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"அட, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாள்.

எத்தனை வருஷம் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறான்! இதே மலர்ந்த முகத்தோடு, இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. ஒரு முழு நாள் அங்கே தனியாகக் கிடந்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அந்தக் காப்பி அவளுக்கு இறங்காது.

"ஆமா" என்றான் அறவாழி. "என்ன பெரிய வேலை?"